விழாமலே உடையும் எலும்பு: மூளை முடக்குவாதம் உள்ள பெரியவர்களின் எலும்பைப் பார்த்துக்கொள்வது எப்படி

என் தம்பிக்கு மூளை முடக்குவாதம் (செரிபிரல் பால்சி), அதாவது சிறு வயதிலேயே மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் உடம்பின் அசைவு கெடும் நிலை. 27 வயதில் அவனுக்குத் தொடை எலும்பு முறிந்தது. அவன் கட்டிலிலிருந்து விழவில்லை. காலையில் வேட்டி மாற்றுவதற்காக அம்மா அவனை ஒருக்களித்துத் திருப்பினார். ஒரு கால் மெத்தை இடுக்கில் மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது. காய்ந்த சுள்ளி ஒடிந்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். தூக்கிக்கொண்டு ஓடிய மருத்துவமனையில் எக்ஸ்ரே படத்தைப் பார்த்ததும் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "யாருங்க கீழ போட்டது?" அம்மா அதற்குப் பதில் சொல்லவே இல்லை. அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை.

பிறகு கோயம்புத்தூரில் வேறொரு மருத்துவர் அதே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். எலும்பின் வெளிச்சுவர் பென்சில் கோடு போல இருந்தது. "இது பல வருசமா மெலிஞ்ச எலும்புங்க. இன்னைக்கு உங்க கையில உடைஞ்சது, அவ்வளவுதான்" என்றார். அதைப் பத்து வருடம் முன்னால் யாராவது சொல்லியிருந்தால் என்ன செய்திருப்போம் என்று யோசித்துப் பார்த்ததில் வந்தது இந்தக் கட்டுரை. அம்மா, அப்பா, அண்ணன், அக்கா, சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்பவர் எல்லோருக்கும் சொல்கிறேன். மூளை முடக்குவாதம் உள்ளவர் நீங்களே படிக்கிறீர்கள் என்றால் உங்களுக்கும்தான். உங்களைத் தூக்குகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர் நீங்கள்.

ஏன் இப்படி ஆகிறது

எலும்பு தன்மேல் விழும் பாரத்துக்குத் தக்கபடி தன்னைக் கட்டிக்கொள்ளும். குழந்தை நின்று, ஓடி, குதித்து வளரும்போது அது தடிக்கும். முப்பது வயதுக்குள் சேமிப்பு உச்சத்தைத் தொட்டுவிடும், அப்புறம் செலவுதான். நிற்காமலே வளர்ந்தவருக்குச் சேமிப்பே சிறியது. அதோடு வலிப்பு மாத்திரை, வீட்டுக்குள்ளேயே இருப்பது, விழுங்கச் சிரமம், உடம்பு எடை போடாதது எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

மறுவாழ்வு மருத்துவர்கள் இயக்கத் திறனை ஐந்து நிலைகளாகப் பிரிப்பார்கள். முதல் நிலைக்காரர் தானாக நடந்து படியும் ஏறுவார். நான்கிலும் ஐந்திலும் இருப்பவர்கள் பெரும்பாலும் சக்கர நாற்காலியிலோ படுக்கையிலோதான். இவர்களுக்கு ஆபத்து மிக அதிகம், அதிகமாக முறிவதும் முழங்காலுக்குச் சற்று மேலே, தொடை எலும்பின் கீழ்முனையில். மடங்கி இறுகிய முழங்கால், மெலிந்த எலும்பு, நீளமான ஒரு கால்: திருப்பும்போது வரும் முறுக்கு எல்லாம் அந்த ஒரு இடத்தில் போய் நிற்கும்.

நடப்பவர்களுக்குக் கதை வேறு. பலருக்கு முப்பது, நாற்பது வயதிலேயே நடை தளர ஆரம்பிக்கும். முன்பு ஏறின படி இப்போது ஏற முடியாது. வீட்டார் இதைச் சோம்பேறித்தனம் என்பார்கள். அது இல்லை, இளமையிலிருந்து இரண்டு மடங்கு உழைத்த தசை களைத்துப்போகிறது. விழுவதும் அப்போதுதான் கூடும்.

இன்னொரு சிக்கல் 18 வயது. அதுவரைக்கும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையம் (குழந்தைகளின் குறைபாடுகளைப் பார்க்கும் அரசு மையம்), பள்ளி, பிசியோ என்று யாராவது ஒருவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பார்கள். அதற்குப் பிறகு நரம்பு மருத்துவர் வலிப்பை மட்டும் பார்ப்பார், எலும்பு மருத்துவர் உடைந்த பிறகு பார்ப்பார். உடைவதற்கு முன்னால் எலும்பைப் பற்றிக் கேட்க நம்மைத் தவிர ஆள் இல்லை.

முதல் படி: தூக்கும் கை

மாத்திரையும் ஸ்கேனும் அப்புறம். இன்றைக்கே மாற்றக்கூடியது தூக்குகிற, திருப்புகிற முறை. எலும்பு தடிக்க வருடங்கள் ஆகும், கையை மாற்ற ஒரு வாரம் போதும்.

திருப்பும்போது பாதத்தையோ முழங்காலையோ பிடித்துத் திருப்பாதீர்கள். அது நெம்புகோல் மாதிரி வேலை செய்யும். முதலில் இரண்டு முழங்காலையும் மெதுவாக மடக்கி, நடுவில் ஒரு தலையணை வையுங்கள். ஒரு கை தோளில், ஒரு கை இடுப்பில். எந்தக் காலும் எதிலும் மாட்டவில்லை என்று பார்த்துவிட்டு, உடம்பை ஒரே கட்டையாக உருட்டுங்கள். எங்கள் வீட்டில் அம்மா இப்போது ஒவ்வொரு முறையும் வாய்விட்டே கேட்பார்: "காலு ரெண்டும் சும்மா இருக்குதா சாமி?" தம்பி கண்ணைச் சிமிட்டினால்தான் திருப்புவார்.

தொடை இரண்டும் கத்தரி மாதிரி பின்னிக்கொள்கிறவர்களுக்கு டயப்பர் மாற்றுவது பெரிய வேலை. அவசரத்தில் இழுத்துப் பிரிக்கத் தோன்றும். வேகமாக இழுத்தால் தசை இன்னும் இறுகும், இறுகிய தசைக்கும் இழுக்கும் கைக்கும் நடுவில் அகப்படுவது எலும்பு. இடுப்பையும் முழங்காலையும் மெல்ல மடக்கி, தொடையின் மேல்பகுதியில் உள்ளங்கையை வைத்துக் காத்திருங்கள். அரை நிமிடமோ ஒரு நிமிடமோ, அதுவாகத் தளரும். கணுக்காலைப் பிடித்து இரண்டு காலையும் ஒன்றாகத் தூக்கும் பழக்கம் கைக்குழந்தைக்குச் சரி, பெரியவருக்கு வேண்டாம்.

சட்டை போடும்போது இறுக்கமான கை முதலில் நுழையட்டும், கழற்றும்போது அது கடைசியில் வரட்டும். முன்பக்கம் முழுக்கத் திறக்கிற சட்டையோ நைட்டியோ நல்லது. உள்ளூர் தையல்காரர் பட்டனை எடுத்துவிட்டு ஒட்டும் பட்டை வைத்துத் தருவார்.

கயிற்றுக் கட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கம் எல்லா வீட்டு வாசலிலும் ஒன்று கிடக்கும், காற்றோட்டமாகவும் இருக்கும். ஆனால் நடுவில் குழிந்துபோன கட்டிலிலிருந்து ஒருவரைக் கிளப்புவது கிணற்றிலிருந்து தூக்குகிற மாதிரி. அவருடைய இடுப்பும் முறுகும், உங்கள் முதுகும் போகும். தூக்குகிறவர் இடுப்பு உயரத்துக்கு மரப்பலகைக் கட்டில் ஒன்று செய்துகொள்ளுங்கள். எங்களுக்குப் பயன்பட்ட இன்னொன்று சென்னிமலை போர்வை. நல்ல தடித்த கைத்தறிப் போர்வையை நான்காக மடித்து, தோளிலிருந்து தொடை நடு வரைக்கும் அடியில் விரித்து, இரண்டு பேர் ஓரங்களைச் சுருட்டிப் பிடித்துத் தூக்கினால் பாரம் பரவலாக விழும், கை காலைப் பிடிக்கவே தேவை இருக்காது. பவானி ஜமக்காளத்தில் மட்டும் இழுக்காதீர்கள், அதன் சொரசொரப்புக்குத் தோல் உரிந்துவிடும்.

சக்கர நாற்காலியிலிருந்து எடுக்கும்போது பாதப் பட்டையை அவிழ்த்தாகிவிட்டதா, பாதம் மிதிப்பலகையில் மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தூக்க வேண்டும். மேலே உடம்பு கிளம்பி கீழே பாதம் நின்றால் முறிவது நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கதவு நிலையில் முழங்காலும் முழங்கையும் இடிக்காமல் உள்ளே இருக்கட்டும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் கல்யாண மண்டபமும் கோயில் படியும்தான். "தள்ளுங்க மாப்ள, நான் தூக்கறேன்" என்று நான்கு பேர் அன்பாக ஓடி வருவார்கள். ஒருவர் அக்குளைப் பிடிப்பார், ஒருவர் கணுக்காலைப் பிடிப்பார், மூன்றாமவர் பாதி வழியில் கையை மாற்றுவார். முகத்தை முறித்துக்கொள்ள வேண்டியதில்லை, "எலும்பு மெலிசுங்க மாமா, நாங்க ரெண்டு பேரே தூக்கிக்கறோம்" என்றால் புரிந்துகொள்வார்கள். புதிதாக வரும் பிசியோவிடமும் முதல் நாளே இதைச் சொல்லிவிட வேண்டும். வலிக்க வலிக்க இழுத்தால்தான் கால் நீளும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

நடப்பவர் என்றால் குளியலறைத் தரை, உயரமான வாசப்படி, இரவில் கழிப்பறைக்குப் போகும் வழி, இந்த மூன்றையும் சரி செய்தாலே பாதி வேலை முடிந்தது. கைப்பிடிக் கம்பி, சொரசொரப்பான தரை, ஒரு இரவு விளக்கு.

இரண்டாம் படி: மாத்திரைப் பட்டைகளை எடுத்துப் பாருங்கள்

வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் பாயில் பரப்பி, பெயர், அளவு, எத்தனை வருடமாக என்று ஒரு தாளில் எழுதுங்கள். வலிப்புக்கான ஃபெனிட்டாயின், ஃபீனோபார்பிட்டால், கார்பமசெபின் மூன்றும் உடம்பில் விட்டமின் டி சீக்கிரம் கரைந்துபோகக் காரணமாகும். வால்ப்ரோயேட்டுக்கும் எலும்பு மெலிவுக்கும் தொடர்பு உண்டு. நெஞ்செரிச்சலுக்கான பான்டோபிரசோல் போன்றவற்றை வருடக்கணக்கில் சாப்பிட்டால் எலும்பு முறிவு வாய்ப்பு கூடும். ஸ்டீராய்டு எலும்பை மெலிய வைக்கும் என்று தனியாகச் சொல்லவே வேண்டாம்.

பெண்கள் விஷயத்தில் இன்னொன்று. மாதவிடாய்ச் சிரமத்தைக் குறைக்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு ஹார்மோன் ஊசி போடுவதுண்டு. அரசு மருத்துவமனைகளில் கருத்தடைக்காக அந்தரா என்ற பெயரில் போடுவதும் அதுதான். அது எலும்பின் அடர்த்தியைக் குறைக்கும். ஏற்கெனவே மெலிந்த எலும்பு உள்ளவருக்கு வேறு வழி உண்டா என்று மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள்.

இதைப் படித்துவிட்டு எந்த வலிப்பு மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரலாம், அந்த உதறலே எலும்பை உடைக்கலாம். தாளை நரம்பு மருத்துவரிடம் கொண்டுபோய், "எலும்புக்கு இதைவிட நல்ல மருந்து இவருக்கு ஒத்துவருமா?" என்று கேட்பது மட்டும்தான் நம் வேலை.

மூன்றாம் படி: ரத்தப் பரிசோதனை

25 ஹைட்ராக்சி விட்டமின் டி, கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், கிரியேட்டினின், தைராய்டு. பி.டி.எச். என்ற ஹார்மோனையும் சில மருத்துவர்கள் சேர்ப்பார்கள். விட்டமின் டி ஒரு மில்லிலிட்டரில் 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு. வலிப்பு மாத்திரை சாப்பிட்டு வீட்டுக்குள்ளேயே இருப்பவருக்கு ஒற்றை இலக்கத்தில் வந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். தம்பிக்கு 7 இருந்தது.

குறைவு என்றால் 60,000 யூனிட் மாத்திரை அல்லது தூள் எழுதித் தருவார்கள். வழக்கமாக வாரத்துக்கு ஒன்று, எட்டு வாரம் போல. வாரத்துக்கு என்பதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். பட்டையில் வரிசையாக இருப்பதைப் பார்த்துத் தினம் ஒன்று என்று கொடுத்துவிடும் வீடுகள் உண்டு. விட்டமின் டி கொழுப்பில் தங்கும் சத்து, கூடினால் சிறுநீரில் போய்விடாது. ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், அதிக தாகம், மந்தம் என்று வரும். பேச முடியாதவருக்கு இதெல்லாம் வேறு எதுவோ என்று நினைத்துக்கொண்டிருப்போம். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை என்று வைத்து, நாட்காட்டியில் அந்தத் தேதியைச் சுழிப்போம். எட்டு வாரம் முடிந்ததும் விட்டுவிடவும் கூடாது. குறைந்த அளவில் தொடர வேண்டுமா என்று கேட்டு, மூன்று மாதம் போல கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும்.

நான்காம் படி: சாப்பாடு

பெரியவருக்குத் தினம் 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்பது இந்திய ஊட்டச்சத்துப் பரிந்துரை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1,200. மாத்திரை இல்லாமல் நம் ஊர்ச் சமையலிலேயே இதன் பெரும்பகுதியை எட்டிவிடலாம், எதில் இருக்கிறது எதில் இல்லை என்று தெரிந்தால்.

ராகியில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம். கம்பில் 50கூட இல்லை. இரண்டும் கூழ்தானே என்று மாற்றி மாற்றிக் கொடுப்போம், எலும்புக் கணக்கில் இரண்டும் ஒன்றில்லை. கொள்ளில் 100 கிராமுக்கு 270 போல. நம் வீட்டுக் கொள்ளுப் பருப்பை நன்றாக வேகவைத்துக் கடைந்தால் விழுங்கவும் எளிது. முருங்கைக் கீரையில் 300க்கு மேல். எள்ளில் மிக அதிகம், 10 கிராமிலேயே 100 மில்லிகிராமுக்கு மேல் கிடைக்கும். சிவகிரிப் பக்கத்து எள்ளை வாங்கி, தோல் நீக்காமல் வறுத்துப் பொடித்து, கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை கொஞ்சம் சேர்த்து ராகிக் கூழில் கலந்துவிடலாம். எள்ளுருண்டை மெல்ல முடியாதவருக்கு வேண்டாம், தொண்டையில் அடைக்கும். நல்லெண்ணெயில் அந்தக் கால்சியம் வராது, அது பிண்ணாக்கோடு போய்விடும். 200 மில்லி பாலிலோ தயிரிலோ ஏறக்குறைய 240.

ஆட்டுக்கால் சூப் பற்றிச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். எலும்பு உடைந்த வீட்டுக்கு முதலில் வருவது அதுதான். சாப்பிடட்டும், ருசிக்கும், தெம்பாகவும் இருக்கும். ஆனால் எலும்பிலிருந்து தண்ணீரில் இறங்கும் கால்சியம் மிகக் குறைவு, ஒரு டம்ளர் தயிரோடு போட்டி போட முடியாது. பிரண்டைத் துவையலும் அப்படித்தான். பிடித்தால் சாப்பிடலாம், வைத்தியத்துக்குப் பதிலாக வேண்டாம்.

புரதத்தை மறந்துவிடுவோம். எலும்பின் சட்டமே புரதம்தான். நாமக்கல் முட்டை கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது, தினம் ஒன்று மசித்துக் கொடுத்தால் 6 கிராம் புரதம் போகும். பச்சைப்பயறு, பருப்பு, மீன் எல்லாம் சேரட்டும்.

விழுங்குவதில் சிரமம் இருந்தால் மேலே சொன்னது எல்லாவற்றுக்கும் முன்னால் அதைப் பார்க்க வேண்டும். சாப்பிடும்போது இருமல், கண்ணில் தண்ணீர், குரல் கரகரப்பு, அடிக்கடி சளி, எடை இறக்கம் இருந்தால் உணவு மூச்சுக்குழாய்க்குப் போகிறதா என்று பரிசோதிக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார வைத்து, தலை பின்னால் சாயாமல், சிறு கரண்டியில் கொடுங்கள். தண்ணீராக ஓடும் கூழைவிட, கரண்டியிலிருந்து மெதுவாக விழும் பதம் பலருக்குப் பாதுகாப்பு.

கால்சியம் மாத்திரை எழுதித் தந்தால் ஒரே நேரத்தில் 500 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம், உடம்பு அதற்கு மேல் சரியாக எடுத்துக்கொள்ளாது. கால்சியம் கார்பனேட் என்றால் சாப்பாட்டோடு. தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி, ஃபெனிட்டாயினுக்கும் இரண்டு மணி நேரமாவது விடுங்கள்.

சாப்பாட்டோடு சேர்ந்தது தண்ணீர். சேலம், தர்மபுரி, ஈரோடு, கரூர்ப் பக்கம் பல இடங்களில் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். பல வருடம் குடித்தால் எக்ஸ்ரேயில் எலும்பு அடர்த்தியாகத் தெரியும், ஆனால் உறுதி இருக்காது, மூட்டும் இறுகும். ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. வீட்டில் சின்ன வயதிலேயே பல்லில் பழுப்புக் கோடு விழுந்தவர்கள் இருந்தால் சந்தேகப்படுங்கள். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்தால் பார்த்துச் சொல்வார்கள். சிறுவாணி, காவிரிக் குழாய்த் தண்ணீர் வரும் இடத்தில் குடிக்க அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: வெயில்

இளவெயில் நல்லது என்று ஆறரை மணிக்கு வாசலில் உட்கார வைப்போம். விட்டமின் டி கணக்கில் அந்த வெயிலுக்குப் பெரிய பலன் இல்லை. நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்து வெயில் வேண்டும், நம் ஊரில் பத்து மணி சுமாருக்கு. தலையும் முகமும் நிழலில், கையும் காலும் வெயிலில், 15 முதல் 20 நிமிடம், வாரத்தில் நான்கைந்து நாள். கண்ணாடி ஜன்னல் வழியாக வருவது சேராது. செய்தியில் வெயில் கொளுத்திய ஊர் என்று தினமும் கரூர் பரமத்தி பெயர் வரும் மாதங்களில் நேரத்தைக் குறையுங்கள். டோபிரமேட், சோனிசமைடு என்ற வலிப்பு மாத்திரைகள் சாப்பிடுபவருக்கு வியர்வை குறையலாம், உடம்பு சட்டென்று கொதித்துவிடும். அவர்களுக்கு விட்டமின் டி மாத்திரை வழியே போதும்.

ஆறாம் படி: நிற்க வைப்பது

உடம்பைத் தாங்கிப் பிடிக்கும் நிற்கும் சட்டத்தில் (ஸ்டாண்டிங் ஃபிரேம்) கட்டி நிற்க வைத்தால் எலும்புக்குப் பாரம் கிடைக்கும். குழந்தைகளிடம் செய்த ஆய்வுகளை வைத்து, எலும்புக்குப் பலன் வேண்டுமானால் தினம் 60 முதல் 90 நிமிடம், வாரம் ஐந்து நாள் என்று சொல்வார்கள். பெரியவருக்கு அவ்வளவு உறுதியான கணக்கு இல்லை. பத்து வருடம் நிற்காதவரை ஒரே நாளில் நிற்க வைக்க நினைப்பது ஆபத்து. இடுப்பு மூட்டு கழன்றிருக்கிறதா, முழங்கால் எவ்வளவு நீளும் என்று எக்ஸ்ரேயோடு மறுவாழ்வு மருத்துவர் பார்த்த பிறகு, ஐந்து நிமிடத்தில் ஆரம்பிக்கலாம். தலைசுற்றல், வியர்வை, முகம் வெளிறுதல் வந்தால் உடனே சாய்த்துவிடுங்கள். நிற்கவே முடியாதவருக்கு, உட்கார்ந்தபடியே பாதத்தைத் தரையில் ஊன்றி அழுத்துவது, கையால் ஊன்றி எழப் பார்ப்பது, எதுவும் வீண் இல்லை.

அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோ வருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்துகொள்ளுங்கள். மூளை முடக்குவாதத்துக்கென்றே உள்ள சக்கர நாற்காலிக்கு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மாட்டிக்கொள்ளாமல் வேறொரு நாளில் போவது நல்லது.

ஏழாம் படி: ஸ்கேன்

எலும்பு அடர்த்தியை அளப்பது டெக்ஸா ஸ்கேன். கதிர்வீச்சு மிகக் குறைவு. ஆனால் நேராகப் படுத்து அசையாமல் இருக்க வேண்டும், இடுப்பும் முதுகுத்தண்டும் ஒழுங்காக விழ வேண்டும். நம் ஆட்களுக்கு இடுப்பில் பழைய தகடு, முதுகில் வளைவு, மடங்கிய கால். அதனால் போன் செய்து முன்கூட்டியே கேளுங்கள்: ஒருக்களித்துப் படுக்க வைத்து முழங்காலுக்கு மேல் தொடை எலும்பை அளக்க முடியுமா, இல்லையென்றால் முன்கையையாவது அளப்பீர்களா? பல இடங்களில் முதல் கேள்வியே புதிதாக இருக்கும். முந்தைய நாள் கால்சியம் மாத்திரை வேண்டாம். போர்வையை எடுத்துக்கொண்டு போங்கள், அந்த மேசைக்கும் நாம்தான் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும்.

அறிக்கையில் 50 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு, மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கும் சேர்த்து, பார்க்க வேண்டியது இசட் ஸ்கோர். அதே வயதுக்காரர்களோடு ஒப்பிடுவது அது. மைனஸ் 2 அல்லது அதற்கும் கீழே என்றால் வயதுக்கு உரியதைவிடக் குறைவு. உடம்பு சின்னதாக இருந்தால் இயந்திரம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், அதையும் மருத்துவரிடம் ஞாபகப்படுத்துங்கள்.

மண்டபத்தில் நடக்கும் இலவச எலும்பு அடர்த்தி முகாமில் குதிகாலை ஒரு பெட்டியில் வைத்துப் பார்ப்பார்கள். தரையில் ஊன்றாத, வளைந்த பாதத்தில் அந்த எண்ணை நம்ப வேண்டாம். அங்கேயே விற்கும் சத்துப் பொடி டப்பாவும் வேண்டாம்.

செலவுக்கு: யூ.டி.ஐ.டி. அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை) இருந்தால் தேசிய அறக்கட்டளையின் நிரமயா காப்பீட்டில் சேரலாம், ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. வெளிநோயாளி மருத்துவம், பரிசோதனை, பிசியோவும் அதில் உண்டு.

எட்டாம் படி: எலும்புக்கான மருந்து

ஸ்கேனும் முறிந்த கதையும் சேர்ந்து மோசமாக இருந்தால் மருத்துவர் எலும்பு கரைவதைக் குறைக்கும் பிஸ்பாஸ்போனேட் வகை மருந்தைப் பேசுவார். வாரம் ஒரு முறை அலெண்ட்ரோனேட் மாத்திரை என்றால் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறைய தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் நிமிர்ந்தே இருக்க வேண்டும். விழுங்கச் சிரமப்படுபவருக்கு அது உணவுக்குழாயைப் புண்ணாக்கும். அதனால் பலருக்கு ஆண்டுக்கு ஒரு முறை ரத்தக் குழாயில் ஏற்றும் சோலெட்ரானிக் அமிலம் ஒத்துவரும். போடும் முன் மூன்று கேள்வி: விட்டமின் டி சரியாகிவிட்டதா, சிறுநீரகம் சரியா, பல்லைக் காட்டியாகிவிட்டதா? பல் பிடுங்க வேண்டியிருந்தால் முன்னாலேயே முடித்துவிட வேண்டும். முதல் ஊசிக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம், வலிப்பு உள்ளவருக்குக் காய்ச்சல் என்றால் கவனம் வேண்டும்.

ஆறு மாதத்துக்கு ஒன்று என்று டெனோசுமாப் ஊசியும் உண்டு. அதை ஆரம்பித்துவிட்டுப் பாதியில் விட்டால் முதுகெலும்பு வரிசையாக நொறுங்கும் ஆபத்து உண்டு. தேதி தவறாமல் தொடர முடியுமா என்று நேர்மையாக யோசித்துவிட்டே ஆரம்பியுங்கள். பிள்ளை பெற வாய்ப்புள்ள பெண்கள் எந்த மருந்தானாலும் அதைச் சொல்லிவிட வேண்டும்.

உடைந்துவிட்டால்

பேச முடியாதவர் "வலிக்குது" என்று சொல்ல மாட்டார். காரணமில்லாத அழுகை, டயப்பர் மாற்றும்போது மட்டும் கத்துவது, சாப்பிட மறுப்பது, தூங்காமல் வியர்ப்பது, திடீரென்று இறுக்கமோ வலிப்போ கூடுவது. ஆடையை முழுக்கக் கழற்றி இரண்டு காலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்: வீக்கம், சூடு, நிறம், பாதம் திரும்பியிருக்கும் விதம். முதுகெலும்பு நசுங்கினால் வெளியே எதுவும் தெரியாது, உட்கார வைத்தால் மட்டும் முகம் சுளிப்பார்.

சந்தேகம் வந்ததும் எண்ணெய் தேய்க்க வேண்டாம், சுளுக்கு எடுப்பவரிடம் போக வேண்டாம். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டும் கட்டு வைத்தியமும் இந்த எலும்புக்கு ஆகாது. மடங்கிப் பழகிய காலை நேராக்கி இழுத்தால் ஒரு முறிவு இரண்டாகும். கால் வழக்கமாக எப்படி மடங்கியிருக்குமோ அப்படியே, அடியிலும் பக்கத்திலும் தலையணை வைத்துத் துணியால் தளர்வாகக் கட்டி, 108க்குச் சொல்லுங்கள். போர்வையோடு ஏற்றுங்கள்.

மருத்துவமனையில் சொல்ல வேண்டியது நிறைய, பதற்றத்தில் வாய் வராது. நாங்கள் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறோம்: இந்த முழங்கால் எப்போதுமே நீளாது, நேராக்க வேண்டாம். வலிப்பு மாத்திரையை ஒரு வேளைகூட விட முடியாது, வாயில் கொடுக்க முடியாவிட்டால் ஊசியாக. வலி மருந்து கட்டாயம், அவர் கேட்க மாட்டார். முன்பு உடைந்த தேதி, டெக்ஸா எண், விட்டமின் டி எண். எலும்பு மெலிந்தவர், யாரும் கீழே போடவில்லை.

மாவுக்கட்டு போட்டால் குதிகாலுக்கும் முழங்காலுக்கும் அடியில் பஞ்சு தாராளமாக வைக்கச் சொல்லுங்கள், உள்ளே புண் வந்தாலும் அவருக்குச் சொல்லத் தெரியாது. துர்நாற்றமோ கறையோ காய்ச்சலோ வந்தால் அன்றே திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள், முடிந்த அளவு உட்காரவும் வையுங்கள். படுத்தே கிடந்தால் முதலில் வருவது நெஞ்சுச் சளி. கட்டைப் பிரிக்கும் நாளில் அந்தக் கால் முன்னைவிட மெலிந்திருக்கும். பிரித்த பிறகு வரும் முதல் சில வாரங்களில்தான் மறுபடி உடையும் வாய்ப்பு அதிகம், அதனால் கட்டு இருந்தபோது தூக்கினதைவிட அதிகக் கவனமாகத் தூக்க வேண்டும்.

அந்தத் தாளின் நகல் ஒன்று எங்கள் வீட்டு அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது, இன்னொன்று தம்பியின் நாற்காலிக்குப் பின்னால் தொங்கும் பையில், மடித்த சென்னிமலை போர்வைக்குள் இருக்கிறது.